பழைய பிக்கப் வாங்கும்போது: பழைய இன்ஜினா, புதிய இன்ஜினா?

படி 1: உள்ளே இருப்பது எந்த இன்ஜின்?

மாடல் பெயரும் வருடமும் போதாது. 2011 ஃபோர்டு எஃப்-150இல் மட்டுமே நான்கு விதமான இன்ஜின்கள் வந்தன. ஃபோர்டு, செவர்லே, ராம் எதுவானாலும் வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்இல் (எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17) 8ஆவது இடத்தைப் பாருங்கள். இன்ஜின் எது என்று அது சொல்லிவிடும். விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

படி 2: அதன் பலவீனம் எது?

புஷ்ராட் வி8 என்பது வால்வுகளை நீண்ட கம்பிகளால் தள்ளித் திறக்கும் எட்டு சிலிண்டர் இன்ஜின். அதில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றுதான், அதுவும் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். அதனால் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயின் குட்டை, தொல்லையும் குறைவு. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 1999இல் கொண்டுவந்த 5.3 லிட்டர் இன்ஜின் இந்த ரகம். ஆனால் 2007 தலைமுறையில் பெரும்பாலான 5.3களில், பாரம் இல்லாதபோது நான்கு சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் ஏஎஃப்எம் சேர்ந்தது. அதற்கென்றே இருக்கும் லிஃப்டர்கள்தான் (கேம்ஷாஃப்டின் அசைவைப் புஷ்ராட் கம்பிக்குக் கடத்தும் பாகங்கள்) நாளடைவில் சிக்கிக்கொள்கின்றன. வெளியே பார்த்தால் அதே பழைய வி8தான்!

ஃபோர்டின் 3.5 லிட்டர் டர்போ இன்ஜினான எக்கோபூஸ்டில் கதை தலைகீழ். எஃப்-150இல் 2011இல் வந்த முதல் தலைமுறையில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லாததால் அதன் மேல் கரி படியும். 2017இல் வந்த இரண்டாம் தலைமுறையில் வால்வுக்கு முன்னாலும் இன்ஜெக்டர் வைத்தார்கள். இங்கே புதியதே மேல். ஒரு டிசைன் வந்த முதல் வருடத்து வண்டியைத்தான் நான் தவிர்ப்பேன்.

படி 3: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்

"வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். நான் பார்க்கப் போன ஒரு வண்டியின் பானெட் தொட்டாலே சுட்டது. "இப்போதான் கழுவிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். அந்த நிலையில் சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பானெட்டைத் திறந்து வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். முதல் சில நொடிகள் கரகரவென்று செயின் சத்தம் கேட்டால் எக்கோபூஸ்டில் செயின் நீண்டிருக்கலாம், செலவு பெரிது. டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் புகையை வெளியேற்றும் குழாயை இன்ஜினோடு பிணைக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைந்திருக்கும். 5.3இல் இது சகஜம், பயப்பட வேண்டாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். சூடான பிறகும் டிக் சத்தம் நிற்கவில்லை என்றால் லிஃப்டரைச் சந்தேகியுங்கள்.

அதோடு அணைத்துவிடாதீர்கள். 2004 முதல் 2010 வரை எஃப்-150இல் வந்த 5.4 மூன்று வால்வு இன்ஜின் ஆறியிருக்கும்போது சமர்த்தாக ஓடும். நன்றாகச் சூடாகி ஆயில் இளகிய பிறகு, ஐடிலில்தான் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) கேம்ஷாஃப்டின் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர் தடதடக்கும். ஆகவே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் காது கொடுங்கள்.

படி 4: ஸ்கேனர்

ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியோடு இணைக்கும் சொருகு துளை) செருகி, இன்ஜின் ஓடும்போதே லைவ் டேட்டா காட்டும் வயர் ஸ்கேனர்தான் என் தேர்வு. மலிவான ப்ளூடூத் டாங்கிள் பாதியில் இணைப்பை விட்டுவிடும். எரர் கோட் இல்லை என்றதும் திருப்தி அடையாமல் வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டரைப் பாருங்கள். பல மானிட்டர்கள் 'நாட் ரெடி' என்றால் அண்மையில் எரர் கோட்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எது என்று கேளுங்கள்.

படி 5: உங்கள் ஓட்டத்துக்கு எது?

டிரெய்லர் இழுப்பது, மலைப்பாதை என்றால் டர்போ. உயரத்தில் காற்று மெலியும்போது டர்போ இல்லாத இன்ஜின் அளவுக்கு அது சக்தி இழக்காது. தினமும் பத்து நிமிட ஓட்டம்தான் என்றால் டர்போ வேண்டாம். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் சூடாகாமலே நின்றால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஏஎஃப்எம் இல்லாத புஷ்ராட் வி8 போதும்.

பிற்சேர்க்கை: ஓபிடி போர்ட்டில் செருகும் ஏஎஃப்எம் டிசேபிளர் மாட்டியிருக்கும் வண்டியை வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது சிலிண்டர் நிற்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். அதே லிஃப்டர்கள் உள்ளேதான் இருக்கும். அதைக் கழற்றச் சொல்லிவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஸ்கேனர் செருகவும் அந்த போர்ட் வேண்டுமே.