சிமுலேஷன், ஸ்ட்ராட்டஜி கேம் புதுசா ஆடுறவங்களுக்கு: எதுல ஆரம்பிக்கறது?

மலேசியாவுல நம்ம கெடா மாநிலத்து பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் தம்பிங்க நிறைய பேரு கேக்கறது இதுதான், "அண்ணே, போன்ல ஆடி போரடிக்குது, லெப்டாப்ல என்ன கேம் போடலாம்?" சிமுலேஷன் (நெசத்துல நடக்கறத கேம்ல நடத்திப் பாக்கறது), ஸ்ட்ராட்டஜி (திட்டம் போட்டு ஜெயிக்கறது)ன்னு பேர வச்சு தேடுனா குழம்பிருவீங்க, பாதி கேம்ல ரெண்டும் கலந்துதான் இருக்கும். கேம்ல நேரம் எப்படி ஓடுதுன்னு மட்டும் பாருங்க, எது உங்களுக்கு ஒத்துவரும்னு தெரிஞ்சிரும். கீழ இருக்கற வரிசையிலயே ஆடுங்க, மொத ரெண்டும் ஃப்ரீ, பழைய லெப்டாப்லயும் ஓடும்.

படி 1: ஃப்ரீசிவ்

ஊர் கட்டி நாட்ட வளக்கற கேம், 1991-ல வந்த சிட் மையரோட சிவிலைசேஷன் மாதிரி. தனியா ஆடும்போது உங்க முறை முடிஞ்சதுன்னு நீங்க டர்ன் டன் பட்டன அமுக்குற வரைக்கும் கேம் காத்திருக்கும், நிதானமா யோசிக்கலாம். செட்லர்ஸ (ஊர் கட்டுற ஆளுங்க) ஆத்தோரமா கடலோரமா நிறுத்தி சீக்கிரமே ஊர் கட்டிருங்க, காவலுக்கு ஒரு வாரியர், அப்புறம் அடுத்த செட்லர்ஸ். ரொம்ப நல்ல இடம் வேணும்னு அலைஞ்சா பக்கத்துக்காரன் முந்திருவான்.

படி 2: ஓப்பன்டிடிடி

எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். லோரி, ரயிலு விட்டு சரக்கு ஏத்தி சம்பாதிக்கற கேம், கிறிஸ் சாயர் 1994-ல செஞ்ச டிரான்ஸ்போர்ட் டைகூன் வழியில வந்தது. நேரம் தானா ஓடும், ஆனா பாஸ் பண்ணலாம், எதிரியே இல்லாமயும் ஆடலாம், சிமுலேஷன்னா என்னன்னு இதுல நல்லா புரியும். புது கேம் போடும்போது சப் டிராப்பிக்கல்ங்கற மேப் வகைய எடுங்க, ஏன்னா அதுல ரப்பர் தோட்டம் இருக்கு! நம்ம பாட்டிமாருங்க பால் வெட்டுன காடெல்லாம் இப்ப செம்பனையா நிக்குது, இதுல நீங்களே ரப்பர் ஏத்தி அனுப்பலாம்.

மேப்ல ரப்பர் தோட்டத்தையும் அந்த ரப்பர் போய்ச் சேர்ற ஃபேக்டரியையும் தேடுங்க, ரெண்டும் ரொம்ப கிட்ட இருந்தா வேணாம், ஏன்னா எவ்ளோ சரக்கு, எவ்ளோ தூரம், எத்தன நாள்ல போச்சு, இத வச்சுத்தான் காசு. ரெண்டு பக்கமும் லோரி ஸ்டேஷன், நடுவுல ரோடு, லோரி வாங்க ஒரு டெப்போ. ரப்பர் ஏத்துற லோரியா பாத்து வாங்கி, ஆர்டர்ஸ்ல (லோரி எங்கெங்க போகணும்ங்கற லிஸ்ட்) தோட்டத்துக்கு ஃபுல் லோட் போடுங்க, நெறையற வரைக்கும் லோரி நிக்கும், இல்லன்னா காலி லோரியா ஓடி காசக் கரைக்கும். ஆரம்பத்துல கையில இருக்கறது கடன் காசு, வட்டி போய்க்கிட்டே இருக்கும், அதனால லாபம் வந்ததும் மொத வேலையா கடன அடைச்சுக்கிட்டே வாங்க.

படி 3: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

ஊர் கட்டி படை சேத்து சண்ட போடற கேம். இதுல நேரம் தானா ஓடிக்கிட்டே இருக்கும், நீங்க யோசிக்கறப்பவே எதிராளி ஆள் சேத்துக்கிட்டு இருப்பான். சாதாரண ஆட்டத்துல 200 உணவோட ஆரம்பிப்பீங்க, ஒரு வில்லேஜருக்கு (வேலையாளு) 50, அதனால எடுத்ததும் டவுன் சென்டர்ல (ஊரோட நடுக் கட்டடம்) நாலு பேர வரிசையா ஆர்டர் போடுங்க. அப்புறம் வீடு கட்டுங்க, ஆட்டுல உணவு எடுங்க, விறகு வெட்டுங்க. டவுன் சென்டர சும்மா விடாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கணும், சண்டையெல்லாம் பிறகு கத்துக்கலாம்.

2022-ல வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற டிஎல்சில (கேமுக்கு மேல சேத்து வாங்கற எக்ஸ்ட்ரா பகுதி) டிராவிடியன்ஸ் இருக்காங்க, ராஜேந்திர சோழன் கேம்பெயினும் (கதையா ஆடற ஆட்டம்) இருக்கு லா! 1025-ல அவரு படை வந்து தாக்குன கடாரம் நம்ம கெடாதான். மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியம் இருக்கு, இன்னும் பாக்காதவங்க கண்டிப்பா போங்க.

அந்த டிஎல்சிக்கு தனியா காசு, ஸ்டீம்ல (ஆன்லைன் கேம் கடை) சேல் வர்ற வரைக்கும் பொறுத்து வாங்குங்க. அதுவரைக்கும் இதே ஸ்டைல்ல ஃப்ரீயா ஜீரோ ஏடி இருக்கு, மௌரியர்கள எடுத்து ஆடிப் பழகுங்க.