ரெட் சாக்ஸ் நிர்வாகத்தைத் திட்டும் முன்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் தோற்ற மறுநாள் காலை அந்த ஊரில் யாரிடம் பேசினாலும் குற்றவாளி யார் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒருவர் மேனேஜர் என்பார். இன்னொருவர் பந்தைக் கோட்டைவிட்ட ஆளைச் சொல்வார். மூன்றாமவர் முதலாளி கையை இறுக்குகிறார் என்பார். ரசிகர் திட்டுவதில் தப்பே இல்லை. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவரும், ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டுப் ஒன்பது இன்னிங்ஸில் (சுற்றில்) முடிய வேண்டிய ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸ் வரை பார்ப்பவரும் அவர்தான். ஆனால் திட்டு உரிய ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த அணியின் வரலாற்றில் அது பலமுறை ஆள் மாறிப் போயிருக்கிறது. அதில் ஒரு நல்ல ஆட்டக்காரரின் பெயரே கெட்டுப்போனது.

அவர் பில் பக்னர். ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு அவரை விட்டால் வேறு உதாரணம் தேவையில்லை.

1986 வேர்ல்ட் சீரிஸ் (பட்டத்துக்கான இறுதித் தொடர்), ஆறாவது ஆட்டம், அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம். மெட்ஸ் அணிக்கு எதிராக ரெட் சாக்ஸ் 3-2 என்று தொடரில் முன்னிலை. இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் 1918-க்குப் பிறகு முதல் பட்டம். பத்தாவது இன்னிங்ஸில் ஸ்கோர் 5-3. மெட்ஸின் முதல் இரண்டு பேரும் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட்தான் பாக்கி. 'பந்து பக்னரின் கால்களுக்கு நடுவே புகுந்து போனது, பட்டம் போனது' என்றுதான் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கேரி கார்ட்டர் ஒரு சிங்கிள் அடித்தார் (இது ரன் அல்ல, முதல் பேஸ் வரை போகும் அடி; நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ரன்). கெவின் மிட்செல் ஒரு சிங்கிள். ரே நைட் இன்னொரு சிங்கிள், ஸ்கோர் 5-4. மூன்றும் கால்வின் ஷிரால்டி வீசிய பந்துகளில். அவரை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். அவர் வீசிய பந்து ஒன்று பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரைத் தாண்டி ஓட, மூன்றாவது பேஸில் நின்ற மிட்செல் உள்ளே ஓடி வந்துவிட்டார். 5-5.

அதாவது, பக்னர் பக்கம் பந்து உருண்டு வருவதற்கு முன்பே முன்னிலை போயாகிவிட்டது. அவர் அதை அழகாகப் பிடித்து அவுட் செய்திருந்தாலும் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குத்தான் போயிருக்கும். அப்புறம் ஏழாவது ஆட்டம் என்று ஒன்றும் இருந்தது. அதில் 3-0 என்று முன்னால் போய், கடைசியில் 8-5 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி அந்த இரவில் இருக்கத்தான் செய்தது. பக்னரின் கணுக்கால்கள் மோசமான நிலையில் இருந்தன. முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸ்களில் அவரை உட்கார வைத்துவிட்டு டேவ் ஸ்டேப்பிள்டனை முதல் பேஸில் நிறுத்துவது மேனேஜர் ஜான் மெக்நமாராவின் வழக்கம். அன்று மட்டும் ஏன் செய்யவில்லை? இது நியாயமான கேள்வி. ஆனால் பழி பக்னர் மேல் விழுந்தது. 2008 ஏப்ரலில் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில், ஆட்டத்துக்கு முன் மரியாதைக்காக வீசும் முதல் பந்தை வீச அவர் வந்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. நடுவில் இருபத்திரண்டு வருடம். உருண்டு வந்த ஒரு பந்துக்கு அது மிகப் பெரிய தண்டனை.

மேனேஜர் வேறு, மேல்மாடி வேறு

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் குழப்பும். மைதானத்தில் நின்று பந்துவீச்சை மாற்றும் கேப்டன் பேஸ்பாலில் கிடையாது. மேனேஜர் என்பவர் அணியின் சீருடையைப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்து டக்அவுட்டில் இருப்பவர். யார் எந்த வரிசையில் பேட் பிடிப்பது, பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் வேறொருவர் வேலை. தியோ எப்ஸ்டீன் அந்த வேலையைச் செய்த காலத்தில் பதவியின் பெயர் ஜெனரல் மேனேஜர். இப்போது பதவியின் பெயர் மாறியிருக்கிறது, வேலை கிட்டத்தட்ட அதுதான். எவ்வளவு செலவு செய்யலாம் என்று கடைசியில் தீர்மானிப்பது முதலாளிகள். 2002-இலிருந்து அது ஜான் ஹென்றியின் குழு. லிவர்பூல் கால்பந்து அணியும் அவர்களுடையதுதான்.

இந்த மூன்று அடுக்கையும் கலந்துவிட்டால் 2011 மாதிரி ஒரு வருடம் புரியவே புரியாது. அந்த செப்டம்பர் தொடக்கத்தில் ப்ளேஆஃப் (சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) இடத்துக்கான போட்டியில் ரெட் சாக்ஸ் டாம்பா பே அணியை விட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. கடைசி நாள் பால்டிமோரில் தோற்று வெளியேறியது. 2004, 2007 பட்டங்களை வாங்கிக் கொடுத்த மேனேஜர் டெர்ரி ஃப்ரான்கோனா போனார். ஆட்டம் நடக்கும்போதே சில பிட்சர்கள் உள்ளே உட்கார்ந்து பீரும் பொரித்த கோழியும் சாப்பிட்டார்கள் என்று செய்தி வந்ததும் ஊரே அதைத்தான் பேசியது. கோபம் வரும்தான். ஆனால் கிளே புக்ஹோல்ஸ் முதுகுக் காயத்தால் ஜூனிலேயே நின்றுவிட்டார். டைசுகே மட்சுசாகாவுக்கு முழங்கை அறுவைச் சிகிச்சை. ஜான் லாக்கி அந்த சீசன் முழுக்க ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறு ரன்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு மாற்றாக நல்ல தொடக்கப் பிட்சர்கள் கைவசம் இல்லை. மாற்று ஆளை வைத்திருக்க வேண்டியது டக்அவுட்டின் வேலையா, மேல்மாடியின் வேலையா? பொரித்த கோழியில் இந்தக் கேள்வி அடிபட்டுப் போனது. அடுத்த வருடம் பாபி வாலன்டைனை மேனேஜராகக் கொண்டுவந்தார்கள். 69 வெற்றி, 93 தோல்வி.

ஜெயித்தால் சரி, தோற்றால் தப்பு என்பது

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் நன்றாக ஆட்டம் தெரிந்தவர்களும் இதைச் செய்கிறார்கள். ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை, அது எடுக்கப்பட்ட நொடியில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பந்து கடைசியில் எங்கே விழுந்தது என்பது வேறு விஷயம்.

2003 அக்டோபர் 16, வேர்ல்ட் சீரிஸுக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் தொடரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 5-2 என்று ரெட் சாக்ஸ் முன்னால். ரெட் சாக்ஸ் பிட்சர் பெட்ரோ மார்டினஸ் அதற்குள் நூறு பந்து வீசிவிட்டார். முதல் ஆள் அவுட். டெரெக் ஜீட்டர் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி), பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து வந்தார். பெட்ரோவிடம் பேசினார். அவரையே விட்டுவிட்டுத் திரும்பினார். ஹிடேகி மட்சுய் டபுள். ஹோர்ஹே பொசாடா மட்டையில் சரியாகப் படாமல் தூக்கிவிட்ட பந்து நடுவில் யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது. 5-5. பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஏரன் பூன் ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து முடித்துவைத்தார்.

பொசாடாவின் அந்தப் பந்தை யாராவது பாய்ந்து பிடித்திருந்தால் லிட்டில் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. நூறு பந்து தாண்டினால் பெட்ரோ தளர்வார் என்பது அணிக்கே தெரியும். மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் மைக் டிம்லினும் ஆலன் எம்ப்ரீயும் அந்த அக்டோபர் முழுக்க அருமையாக வீசிக்கொண்டிருந்தார்கள். எதிரில் அடுத்து வருபவர் இடதுகை பேட்டர், எம்ப்ரீ இடதுகை பிட்சர். எல்லாத் தகவலும் ஒரே பக்கம் காட்டின. அதனால்தான் அது தவறு, தோற்றதால் இல்லை.

அடுத்த வருடத்தைப் பாருங்கள். 2004 அக்டோபர் 17, மறுபடி யாங்கீஸ். தொடரில் 0-3, ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-4 என்று பின்னால். எதிரில் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா. கெவின் மில்லர் வாக் வாங்கி, அதாவது பந்தை அடிக்காமலே, முதல் பேஸுக்குப் போனார். ஃப்ரான்கோனா அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸை அனுப்பினார். அவர் பேஸ் திருட, அதாவது பேட்டர் அடிக்கும் வரை காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓட, வந்திருக்கிறார் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து பார்த்தார். அடுத்து பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார். பொசாடா எறிந்தது நல்ல எறி. ஜீட்டரின் கை இறங்குவதற்குச் சற்று முன் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டுவிட்டது. பில் முல்லரின் சிங்கிளில் ஸ்கோர் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன். அங்கிருந்து தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்து 86 வருடத்துக்குப் பிறகு பட்டம்.

ராபர்ட்ஸ் அன்று அவுட் ஆகியிருந்தால் ஃப்ரான்கோனாவைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அப்போதும் அது சரியான முடிவாகவே இருந்திருக்கும். அந்த சீசனில் ராபர்ட்ஸ் 38 முறை பேஸ் திருடியிருந்தார். பிடிபட்டது மூன்றே முறை. ரிவேராவிடம் ஒரே இன்னிங்ஸில் இரண்டு ஹிட் அடிப்பது குதிரைக்கொம்பு. ஒரு ஹிட் போதும் என்கிற நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுவர அதைவிட நல்ல வழி இல்லை.

ஏப்ரலில் தீர்ப்பு எழுதுவது

இதை நீட்ட வேண்டியதில்லை. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், ஏப்ரல் அதன் தொடக்கம்தான். 2009-இல் ஓர்டிஸ் மே 20 வரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. அவர் கதை முடிந்தது என்றார்கள். அந்த வருடத்தை 28 ஹோம் ரன்னோடு முடித்தார். 2016-இல், நாற்பது வயதில், கடைசி சீசனில் 38 அடித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

பிட்சர்களை வெற்றிக் கணக்கால் அளப்பதும் இதே ரகம். ரிக் போர்செல்லோ 2016-இல் 22 வெற்றி, 4 தோல்வி. மறுவருடம் 11 வெற்றி, 17 தோல்வி. இரண்டாவது வருடம் கொஞ்சம் மோசமாக வீசினார் என்பது உண்மை, ஆனால் அவ்வளவு மோசமாக இல்லை. 2016-இல் அவருக்குப் பின்னால் இருந்த பேட்டிங் வரிசை, ரெட் சாக்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகிலேயே அதிக ரன் எடுத்தது.

ஃபென்வேயின் இடப்பக்கச் சுவரையும் மறக்கக்கூடாது. உயரம் 37 அடிக்கு மேல், தூரம் 310 அடிதான். வேறு மைதானத்தில் கைக்குள் விழுந்திருக்கும் பந்து இங்கே சுவரில் பட்டு டபுள் ஆகும். ஒரு பேட்டரை வாங்கலாமா, விடலாமா என்று பேசும்போது வெளியூர் ஆட்டங்களில் அவர் எப்படி ஆடினார் என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

பிடித்த ஆட்டக்காரரை விற்றதும் கொதிப்பது

நோமர் கார்சியாபாராவை 2004 ஜூலை 31 அன்று சிகாகோ கப்ஸுக்கு அனுப்பியபோது பாஸ்டனே அழுதது. 1999, 2000 இரண்டு வருடமும் லீகின் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. ஆனால் அப்போது அவருக்கு 31 வயது. குதிகாலில் காயம், ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. பதிலுக்கு வந்த ஆர்லாண்டோ கப்ரேராவும் டக் மின்கேவிச்சும் ஃபீல்டிங்கைத் தூக்கி நிறுத்தினார்கள். ராபர்ட்ஸை வாங்கியதும் அதே நாள்தான். எப்ஸ்டீன் செய்தது துணிச்சலான, சரியான வியாபாரம்.

இதைக் காட்டித்தான் 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு அனுப்பியதையும் சிலர் நியாயப்படுத்தினார்கள். அது இன்னொரு தவறு. பெட்ஸுக்கு வயது 27. 2018-இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், அதே வருடம் 108 வெற்றியோடு பட்டம் வென்ற அணியின் உயிர்நாடி. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பாக்கி. அவரோடு டேவிட் ப்ரைஸையும் சேர்த்து அனுப்பினார்கள், ப்ரைஸின் சம்பளத்தில் பாதியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு. வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸ் ரெட் சாக்ஸுக்காக மொத்தம் 14 ஆட்டம் ஆடினார்.

இதற்கு இன்றுவரை திட்டு வாங்குபவர், அப்போது ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த ஹைம் ப்ளூம். அவர் பொறுப்பேற்றது 2019 அக்டோபரில். அதற்கு முந்தைய மாதமே, அடுத்த சீசனில் அணியின் மொத்தச் சம்பளத்தை ஆடம்பர வரி வரம்புக்குக் (தாண்டினால் அணி வரி கட்ட வேண்டிய அளவுக்குக்) கீழே கொண்டுவர வேண்டும் என்று ஜான் ஹென்றி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். தொடர்ந்து வரம்பைத் தாண்டினால் வரி விகிதம் ஏறிக்கொண்டே போகும் என்பது விதி; 2018, 2019 இரண்டு வருடமும் அணி தாண்டியிருந்தது. ஆக, செலவைக் குறை என்பது மேலிடத்து உத்தரவு. பதிலுக்கு யாரை வாங்குவது என்பது ப்ளூமின் பொறுப்பு. அந்த அளவுக்கு அவரைக் கேளுங்கள். மற்றதை முதலாளியைக் கேளுங்கள்.

டாட்ஜர்ஸ் அதற்குப் பிறகு 2020, 2024, 2025 என மூன்று பட்டம் வென்றதால் இந்த விற்பனை தவறு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒன்றுகூட வெல்லாமல் போயிருந்தாலும் தவறுதான். ஃபென்வேயில் டிக்கெட் விலை நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அந்தப் பணத்தைக் கொடுக்கிற ஊருக்கு, தன் அணியே வளர்த்து ஆளாக்கிய, உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள வரி ஒரு தடையாக இருந்திருக்கக் கூடாது. பெட்ஸ் அதே ஜூலையில் டாட்ஜர்ஸோடு 12 வருடத்துக்கு 365 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார்.

2025 ஜூன் 15 அன்று ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பியபோதும் இரண்டு பக்கமும் அவசரத் தீர்ப்புகள்தான். கேட்ட இடத்தில் ஆட மறுத்தார், போகட்டும் என்றார்கள் சிலர். கிடைத்த ஒரே நட்சத்திரத்தையும் விற்றுவிட்டார்கள் என்றார்கள் மற்றவர்கள். அணி அந்த வருடம் 89 ஆட்டம் ஜெயித்து ப்ளேஆஃபுக்குப் போனதும் முதல் கூட்டம் குதித்தது, யாங்கீஸிடம் தோற்றதும் இரண்டாவது கூட்டம். அந்த 89 வெற்றியும் அந்தத் தோல்வியும் இதில் சாட்சியாகாது. 2023 ஜனவரியில் பத்து வருட ஒப்பந்தம் கொடுத்து மூன்றாவது பேஸில் நிறுத்திய ஆளை, இன்னொரு மூன்றாவது பேஸ் ஆட்டக்காரர் அலெக்ஸ் ப்ரெக்மன் வந்ததும் பேட் மட்டும் பிடி என்றார்கள். 2025 மே மாதம் முதல் பேஸ் ஆட்டக்காரர் ட்ரிஸ்டன் கசாஸ் முழங்காலில் அடிபட்டு விழுந்ததும் முதல் பேஸுக்குப் போகச் சொல்லிக் கேட்டார்கள். கசாஸுக்கு மாற்றாக நம்பகமான ஆள் இல்லாமல் சீசனைத் தொடங்கியது, ப்ளூமுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த க்ரெய்க் ப்ரெஸ்லோவின் அலுவலகம். டெவர்ஸ் விஷயத்தில் விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.