லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் கருவிப்பட்டையை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றி அமைப்பது எப்படி?

கடிதம், கட்டுரை போன்றவற்றை எழுத உதவும் நிரலான லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் திறந்தவுடன் மெனு வரிசைக்குக் கீழே இரண்டு கருவிப்பட்டைகள் தென்படும். சேமித்தல், அச்சிடுதல், அட்டவணை சேர்த்தல் போன்ற பொத்தான்கள் உள்ள மேல் வரிசைக்கு 'ஸ்டாண்டர்டு' என்று பெயர். எழுத்துரு, எழுத்தளவு, தடித்த எழுத்து முதலியவை இருக்கும் கீழ் வரிசைக்கு 'ஃபார்மட்டிங்' என்று பெயர். கடிதமும் கட்டுரையும் மட்டுமே எழுதும் ஒருவர் மேல் வரிசையில் உள்ள வரைபடம், குறுக்குக் குறிப்பு, இறுதிக் குறிப்பு போன்றவற்றை ஆண்டுக்கு ஒரு முறை தொட்டாலே அதிகம். ஆனால் அவர் நாள்தோறும் தேடும் சில கட்டளைகள் மெனுவுக்குள் இரண்டு மூன்று அடுக்குகளுக்கு அடியில் கிடக்கும். 1366 புள்ளி அகலமே உள்ள மடிக்கணினித் திரையாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். இடம் போதாமல் கடைசிப் பொத்தான்கள் வரிசையின் வலது ஓரத்தில் இருக்கும் இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இதைச் சரிசெய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. முதலில் வேண்டாதவற்றை மறைப்பது, பிறகு நமக்கென ஒரு தனிக் கருவிப்பட்டை உருவாக்குவது, கடைசியாக அதன் ஐகான்களைக் கவனிப்பது என்ற வரிசையில் செல்வோம். பலரும் இருக்கிற பட்டையிலேயே புதிய பொத்தான்களைத் திணிக்கத் தொடங்குகிறார்கள். அந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இங்கு சொல்லும் படிகள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் பொருந்தும். 'ஆப்ஷன்ஸ்' சாளரம் மட்டும் மேக்கில் 'டூல்ஸ்' மெனுவில் இல்லாமல், லிப்ரே ஆபீஸ் என்ற பெயருள்ள மெனுவில் 'பிரிஃபரன்சஸ்' என்று இருக்கும். பெரும்பாலோர் ஆங்கில இடைமுகத்தையே பயன்படுத்துவதால், மெனுக்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

'வியூ' மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்பதைச் சொடுக்குங்கள். அங்கே 'ஸ்டாண்டர்டு டூல்பார்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். 'டேப்டு' என்ற தோற்றம் தேர்வாகியிருந்தால் கருவிப்பட்டைகளுக்குப் பதிலாகத் தாவல்கள் கொண்ட அகன்ற பட்டை தெரியும். அதை மாற்றும் முறை வேறு என்பதால், இந்த விளக்கத்தைப் பின்பற்றும்போது நீங்கள் செய்தது எதுவும் திரையில் காணவில்லையே என்ற குழப்பம் வரும்.

வேண்டாத பொத்தான்களை மறைத்தல்

இது அரை நிமிட வேலை. 'ஸ்டாண்டர்டு' பட்டையின் மேல் எங்காவது வலது பொத்தானால் சொடுக்கினால் ஒரு சிறு மெனு திறக்கும். அதில் 'விசிபிள் பட்டன்ஸ்' என்பதன் மேல் சுட்டியைக் கொண்டு சென்றால், அந்தப் பட்டையில் உள்ள எல்லாப் பொத்தான்களின் பெயர்களும் பட்டியலாக வரும். இப்போது தெரிபவற்றுக்கு எதிரே குறி இருக்கும். வேண்டாததைச் சொடுக்கினால் குறி நீங்கும், பொத்தானும் மறையும். ஒவ்வொரு சொடுக்குக்கும் மெனு மூடிக்கொள்வதால், பல பொத்தான்களை மறைக்க அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மறைத்த பொத்தான் அழிந்துவிடுவதில்லை. அதே பட்டியலில் மீண்டும் குறியிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வரும். அதன் கட்டளையும் மெனுவிலும் விசைப்பலகையிலும் எப்போதும்போல் வேலை செய்யும். ஆகவே தயக்கமின்றி மறைக்கலாம். ஆனாலும் செய்ததை நீக்கும் 'அன்டூ', நீக்கியதை மீண்டும் செய்யும் 'ரீடூ' இரண்டையும் விசைப்பலகையிலேயே இயக்கிப் பழகியவர்கள்கூடப் பட்டையில் விட்டுவைப்பது நல்லது. அவற்றின் ஓரத்தில் உள்ள சிறு அம்புக்குறியைச் சொடுக்கினால் கடைசியாகச் செய்த செயல்களின் பட்டியல் வரும். அதிலிருந்து பல படிகளை ஒரே சொடுக்கில் பின்னோக்கிக் கடக்கலாம்.

மாற்றியமைக்கும் சாளரத்தை அறிந்துகொள்ளுதல்

இனி 'டூல்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்' என்பதைத் திறந்து, மேலே உள்ள தாவல்களில் 'டூல்பார்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை பார்ப்பவருக்கு இந்தச் சாளரம் மிரட்சியைத் தரலாம். இடது பாதி கடை, வலது பாதி உங்கள் பை என்று வைத்துக்கொண்டால் மிரட்சி போய்விடும்.

இடது பாதியில் ரைட்டருக்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளும் 'அவைலபிள் கமாண்ட்ஸ்' என்ற பட்டியலில் இருக்கின்றன. அதற்கு மேலே உள்ள 'கேட்டகரி' பெட்டியில் வகையைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலைச் சுருக்கலாம். அதைவிட எளிய வழி, தேடல் பெட்டியில் கட்டளைப் பெயரின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது. கட்டளையின் மேல் ஒரு முறை சொடுக்கினால், அது என்ன செய்யும் என்ற சிறு விளக்கம் கீழே வரும்.

வலது பாதியில் இரண்டு பெட்டிகளைக் கவனிக்க வேண்டும். 'ஸ்கோப்' என்பது மாற்றம் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. அதில் 'லிப்ரே ஆபீஸ் ரைட்டர்' என்று இருந்தால், ரைட்டரில் திறக்கும் எல்லா ஆவணங்களுக்கும் மாற்றம் பொருந்தும். அதற்குப் பதிலாக, திறந்திருக்கும் ஆவணத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கருவிப்பட்டை அந்த ஆவணத்தின் ஓடிடி (.odt) கோப்புக்குள்ளேயே சேமிக்கப்பட்டு, கோப்பு செல்லும் கணினிக்கெல்லாம் கூடவே செல்லும். ஓர் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள் என்றால் இந்த இரண்டாவது வழி மிகவும் உதவும். நம்முடைய சொந்தப் பயன்பாட்டுக்கு முதலாவதே சரி. 'டார்கெட்' என்பது எந்தக் கருவிப்பட்டையை மாற்றப் போகிறோம் என்பதைக் காட்டுகிறது. அந்தப் பட்டையின் பொத்தான்கள் அதற்குக் கீழே வரிசையாக நிற்கும். இரு பாதிகளுக்கும் நடுவே வலம், இடம் நோக்கிய அம்புகளும், வலது ஓரத்தில் மேல், கீழ் நோக்கிய அம்புகளும் உள்ளன.

ரைட்டரில் செய்யும் மாற்றம் லிப்ரே ஆபீஸின் மற்ற நிரல்களான கால்க்கிலோ (விரிதாள்) இம்ப்ரெஸ்ஸிலோ (விளக்கக்காட்சி) தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் சாளரத்திலிருந்துதான் மாற்ற வேண்டும்.

உங்களுக்கென ஒரு தனிக் கருவிப்பட்டை

'டார்கெட்' பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதைச் சொடுக்கி 'ஆட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் புதிய பட்டைக்குப் பெயர் கேட்கும். பெயரைத் தமிழிலேயே தரலாம். 'என் கருவிகள்' என்று வைத்துக்கொள்வோம். எங்கே சேமிக்க வேண்டும் என்ற கேள்விக்கு 'லிப்ரே ஆபீஸ் ரைட்டர்' என்பதையே விட்டுவிட்டு 'ஓகே' கொடுங்கள். 'டார்கெட்' பெட்டியில் இப்போது உங்கள் பட்டையின் பெயர் இருக்கும். கீழே உள்ள பட்டியல் காலியாக இருக்கும்.

தனிப் பட்டையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். 'ஸ்டாண்டர்டு' பட்டையில் ஏதாவது தாறுமாறாகிவிட்டால், 'டிஃபால்ட்ஸ்' என்ற பொத்தானை அழுத்தி அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர முடியும். ஆனால் அப்போது நீங்கள் அதில் சேர்த்தவை அனைத்தும் சேர்ந்தே போய்விடும். உங்கள் பொத்தான்கள் தனிப் பட்டையில் இருந்தால் பழையதை எத்தனை முறை மீட்டமைத்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தேவைப்படாதபோது முழுப் பட்டையையும் 'வியூ' மெனுவின் 'டூல்பார்ஸ்' பட்டியலில் ஒரே சொடுக்கில் மறைத்துவிடவும் முடியும்.

முதல் பொத்தானாக, தமிழில் எழுதுபவர்களுக்கு மிகவும் பயன்படும் ஒன்றைச் சேர்ப்போம். இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டும்போது அதன் எழுத்துரு, நிறம், பின்னணி எல்லாம் கூடவே வந்து நம் ஆவணத்தின் ஒழுங்கைக் கெடுக்கும். வெறும் எழுத்துகளை மட்டும் ஒட்டுவதற்கு ரைட்டரில் ஒரு கட்டளை உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் (மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட்) மூன்றையும் சேர்த்துப் பிடித்து 'வி' விசையை அழுத்தினால் அது இயங்கும் என்றாலும், நான்கு விசைகளை ஒன்றாக அழுத்துவது எல்லோருடைய விரல்களுக்கும் இசைவதில்லை. தேடல் பெட்டியில் 'அன்ஃபார்மட்டட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். 'பேஸ்ட் அன்ஃபார்மட்டட் டெக்ஸ்ட்' என்ற கட்டளை கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, நடுவில் உள்ள வலது நோக்கிய அம்பை அழுத்தினால் அது உங்கள் பட்டைக்குச் சென்றுவிடும்.

இதே முறையில் சொற்களின் எண்ணிக்கையைக் காட்டும் 'வேர்டு கவுன்ட்', எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட வடிவமைப்பை நீக்கும் 'கிளியர் டைரக்ட் ஃபார்மட்டிங்' ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வரிசையை மாற்ற, ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுத்து ஓரத்து அம்புகளால் மேலும் கீழும் நகர்த்துங்கள். சாளரத்தில் மேலே இருப்பது பட்டையில் இடப்பக்கம் வரும். ஒட்டுதல் தொடர்பானவற்றையும் மற்றவற்றையும் பிரித்துக் காட்ட விரும்பினால், 'இன்செர்ட்' பொத்தானில் 'இன்செர்ட் செப்பரேட்டர்' கொடுத்தால் இடையே ஒரு மெல்லிய கோடு விழும். வேண்டாததை நீக்க இடது நோக்கிய அம்பைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு சேர்க்கலாம் என்று கேட்டால், ஏழெட்டுக்கு மேல் வேண்டாம் என்பேன். அதற்கு மேல் போனால் இந்தப் பட்டையிலும் தேட வேண்டிய நிலை வந்துவிடும்.

'ஓகே' கொடுத்து வெளியே வந்ததும் புதிய பட்டை திரையில் தோன்றும். தோன்றாவிட்டால் 'வியூ' மெனுவில் 'டூல்பார்ஸ்' பட்டியலில் அதன் பெயருக்குக் குறியிடுங்கள். அது தனியாக மிதந்துகொண்டிருந்தால் தலைப்பைப் பிடித்து இழுத்து, மற்றப் பட்டைகளுக்குப் பக்கத்தில் விடுங்கள். அகலமான திரை உள்ளவர்கள் இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினால் எழுதும் பகுதியின் உயரம் குறையாது. நிலைபெற்ற பின் அதன் மேல் வலது பொத்தானால் சொடுக்கி 'லாக் டூல்பார் பொசிஷன்' கொடுத்துவிட்டால், சுட்டி தவறிப் பட்டபோதெல்லாம் இடம் பெயராது.

ஐகான்களை மாற்றுதல்

சில கட்டளைகளுக்கு ஐகான் கிடையாது. அவை பட்டையில் முழுப் பெயருடன் நீளமாக வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயரை மட்டும் சுருக்கினால் போதும் என்றால், மாற்றியமைக்கும் சாளரத்தில் அந்தக் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, 'மாடிஃபை' பொத்தானில் 'ரீநேம்' கொடுத்து, 'ஒட்டு' என்பதுபோல் ஒரு சிறிய தமிழ்ச் சொல்லை இடுங்கள். உண்மையில் தமிழ்ச் சொற்களாலேயே ஆன கருவிப்பட்டை பல ஐகான்களைவிடத் தெளிவானது. முதியவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டை முழுவதையும் அப்படி மாற்ற, 'டார்கெட்' பக்கத்தில் உள்ள அதே சிறு பொத்தானில் ஐகான் மட்டும், எழுத்து மட்டும், இரண்டும் சேர்ந்து என்ற மூன்று தேர்வுகள் இருக்கின்றன.

ஐகான்தான் வேண்டும் என்றால் 'மாடிஃபை' பொத்தானில் 'சேஞ்ச் ஐகான்' கொடுங்கள். ரைட்டரிடம் ஏற்கெனவே உள்ள ஐகான்களின் தொகுப்பு திறக்கும். பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து 'ஓகே' கொடுத்தால் போதும். வேறொரு கட்டளைக்கு உரிய படத்தை எடுத்தால் பட்டையில் ஒரே படம் இரண்டு இடங்களில் நின்று ஏமாற்றும் என்பதால், நாம் வழக்கமாகப் பயன்படுத்தாத ஐகானாகப் பார்த்து எடுங்கள்.

சொந்தப் படத்தைச் சேர்க்க அதே சாளரத்தில் 'இம்போர்ட்' இருக்கிறது. படம் பிஎன்ஜி (.png) வடிவில் இருக்க வேண்டும். எந்த அளவில் இருந்தால் நன்றாகத் தெரியும் என்ற குறிப்பு அந்தச் சாளரத்திலேயே உண்டு. வேறு அளவில் கொடுத்தால் நிரலே சுருக்கவோ பெருக்கவோ செய்யும். அப்போது ஓரங்கள் மங்கலாகலாம்.

படம் வரைய உதவும் கிம்ப் நிரலில் இதை எளிதாக வரையலாம். புதிய படத்தை மேலே சொன்ன குறிப்பில் உள்ள அளவில் உருவாக்குங்கள். கிம்ப்பில் புதிய படம் உருவாக்கும் சாளரத்தின் கூடுதல் அமைப்புகளில் நிரப்பும் நிறமாக 'டிரான்ஸ்பரன்சி' என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால், ஐகானுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டம் தெரியும். எழுத்துக் கருவியை எடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவின் தடித்த வடிவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தை இடுங்கள். 'ட', 'ப', 'ம' போன்ற நேர்கோட்டு எழுத்துகள் இவ்வளவு சிறிய இடத்திலும் பளிச்சென்று தெரியும். 'ஔ', 'ணை' போன்றவை கறைபோல் ஆகிவிடும். கருமை நிறத்தில் எழுதினால் இருண்ட தோற்றத்தைப் பயன்படுத்தும்போது ஐகானே கண்ணுக்குத் தெரியாது; வெளிர் பின்னணியிலும் இருண்ட பின்னணியிலும் எடுபடும் நடுத்தர நீலமோ ஆரஞ்சோ பாதுகாப்பானது. முடித்ததும் 'சேவ்' கொடுக்காமல் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்துப் பிஎன்ஜி கோப்பாக எடுங்கள். 'சேவ்' கொடுத்தால் கிம்ப் தன் சொந்த வடிவில்தான் சேமிக்கும்.

மாற்றிய ஐகான் பிடிக்கவில்லையென்றால் 'மாடிஃபை' பொத்தானில் 'ரீசெட் ஐகான்' பழையதைத் திருப்பித் தரும்.

எல்லா ஐகான்களும் சிறிதாக இருப்பதாகத் தோன்றினால் ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை. 'டூல்ஸ்' மெனுவின் 'ஆப்ஷன்ஸ்' சாளரத்தில், லிப்ரே ஆபீஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள 'வியூ' பக்கத்தில் கருவிப்பட்டை ஐகானின் அளவைச் சிறியது, பெரியது, மிகப் பெரியது என மாற்றலாம். கோலிப்ரே, ப்ரீஸ், எலிமென்டரி, சிஃபர் எனப் பல ஐகான் தொகுப்புகளும் ஆப்ஷன்ஸ் சாளரத்திலேயே தேர்ந்தெடுக்கக் கிடைக்கின்றன.

கலைந்துவிட்டால் மீட்பதும், வேறு கணினிக்குக் கொண்டு செல்வதும்

மாற்றியமைக்கும் சாளரத்தின் அடியில் உள்ள 'ரீசெட்', அந்தச் சாளரத்தைத் திறந்த பிறகு செய்த மாற்றங்களை மட்டும் நீக்கும். முன்பு சொன்ன 'டிஃபால்ட்ஸ்' அந்தக் குறிப்பிட்ட பட்டையைத் தொடக்க நிலைக்கு அனுப்பும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எதுவும் சரிவராத நிலையில், 'ஹெல்ப்' மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' என்பதைப் பயன்படுத்தலாம். நிரல் மூடித் திறந்து ஒரு சாளரத்தைக் காட்டும். அமைப்புகளையும் இடைமுக மாற்றங்களையும் முழுமையாக நீக்கும் தேர்வு அதில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் தனிப் பட்டையும் போய்விடும் என்பதால், அதற்கு முன் அதே சாளரத்தின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஆர்க்கைவ் யூசர் புரொஃபைல்' கொடுத்து உங்கள் அமைப்புகளை ஒரு சுருக்கக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய கணினிக்கு மாறும்போதும் இதே பகுதி உதவும். அங்குள்ள 'ஷோ யூசர் புரொஃபைல்' உங்கள் அமைப்புகள் இருக்கும் கோப்புறையைத் திறந்து காட்டும். நீங்கள் உருவாக்கிய பட்டைகளும் சேர்த்த ஐகான்களும் அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டு கணினிகளிலும் லிப்ரே ஆபீஸை முழுவதுமாக மூடிவிட்டு, பழைய கோப்புறையைப் புதிய கணினியில் அதே இடத்துக்கு நகலெடுங்கள். நிரல் திறந்திருக்கும்போது நகலெடுத்தால், மூடும் நேரத்தில் அது தன்னிடம் உள்ள பழைய அமைப்புகளை நீங்கள் நகலெடுத்தவற்றின் மேல் எழுதிவிடக்கூடும்.