முதல் மதிப்புரை எழுதுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

கோலாலம்பூரில் வெளியாகும் தமிழ் நூல்களுள் பல எழுத்தாளரின் சொந்தச் செலவிலேயே அச்சேறுகின்றன. வெளியீட்டு விழாவில் பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். வந்தவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுத்து ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். அன்றைக்கே அச்சுக்கூலி தேறிவிட்டால் எழுத்தாளருக்கு நிம்மதி. இந்த ஏற்பாட்டில் கைப்பிரதியைக் கண்டிப்போடு திருத்தும் பதிப்பாசிரியருக்குப் பெரும்பாலும் இடமில்லை என்பதால், அந்நூலைப் பற்றி முதன்முதலாக ஒளிவுமறைவின்றிப் பேசப்போகிறவர் நீங்களாகவே இருக்கக்கூடும்.

முதற்படியாக உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். பதிப்பாண்டு, முதற்பதிப்பா மறுபதிப்பா, பதிப்பகம் எது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நூலை அடையாளம் காட்டும், 2007 முதல் 13 இலக்கங்களாக உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணில் 978-க்குப் பின் 967 அல்லது 983 வந்தால் பதிப்பகம் மலேசியாவைச் சேர்ந்தது. 81 அல்லது 93 வந்தால் இந்தியாவைச் சேர்ந்தது. இப்பக்கத்தைப் புரட்டாத நான், ஒருமுறை மறுபதிப்பொன்றை 'எழுத்தாளரின் புதிய பாய்ச்சல்' என்று எழுதிவிட்டேன். அவரே தொலைபேசியில் அழைத்து, அக்கதைகளுக்குப் பதினைந்து வயதாகிறது என்றார்.

அடுத்து, நூலை இருமுறை படியுங்கள். அணிந்துரையையும் வாழ்த்துரையையும் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள். அவற்றை முதலில் படித்தால் அவற்றின் சொற்களே உங்கள் கட்டுரைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் வாசிப்பில் பென்சிலால் பக்க எண்ணோடு குறிப்பெடுங்கள்.

மதிப்புரையின் உயிர் இந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஒரு தோட்டப்புறக் கதையில் நாயகி உச்சிவெயிலில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் விடியற்காலையிலேயே சீவத் தொடங்குவதுதான் வழக்கம். 'ஆசிரியருக்குத் தோட்டம் தெரியவில்லை' என்று தீர்ப்பெழுதுவதைவிட, 'பக்கம் 42-இல் நாயகி நண்பகலில் மரம் சீவுகிறாள். அதிகாலை இருளும் கொசுக்கடியும் இல்லாததால் அவளுடைய களைப்பு நம்மை எட்டவில்லை' என்று எழுதுவதே மதிப்புரை. தகவல் பிழையைச் சொல்வதோடு நிற்காமல், அது கதையைப் பாதித்த விதத்தையும் இவ்வாறு காட்ட வேண்டும். பாராட்டுக்கும் இதே அளவுகோல்தான்: 'அருமையான நூல், அனைவரும் படிக்க வேண்டும்' என்ற வாக்கியத்தை எந்த நூலுக்கும் ஒட்டலாம் என்பதால், அது எந்த நூலையும் பற்றியதன்று.

எழுதும்போது நூலின் உள்ளடக்கத்தை ஒரு பத்திக்குள் முடித்துவிட்டு, மீதியை உங்கள் வாசிப்புக்குக் கொடுங்கள். நூலாசிரியர் உங்கள் நண்பரோ உறவினரோ என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நம் வட்டம் சிறியது, மறைத்தாலும் தெரிந்துவிடும்.

பிறகு எங்கே அனுப்புவது என்ற கேள்வி எழும். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளேடு 2019-இல் நின்றுபோனது. எஞ்சியுள்ள நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகளுக்குச் சுருக்கமாகவும், இணைய இதழ்களுக்கு விரிவாகவும் எழுதலாம். அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் 2016-இல் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு அச்சைத் தொடாமலே மின்னூலாக வெளிவரும் ஆக்கங்களும் உள்ளன. அவற்றில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கங்களும் இடம் மாறும் என்பதால், அத்தியாயத்தைக் குறிப்பிடுங்கள்.

இறுதியில் பக்க எண்ணிக்கை, ரிங்கிட்டில் விலை, நூல் கிடைக்குமிடம் ஆகியவற்றைச் சேருங்கள். பல நூல்கள் கடைக்கே வராமல் எழுத்தாளர் வீட்டு அலமாரியில்தான் அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே அவருடைய அனுமதியைக் கேட்டுக்கொண்டு, பிரதிக்கு அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.