கட்சிக் கொடி இல்லாமல் ஊர்ப் பிரச்சினை பேச: கடலோர ஊர்களில் பொதுமன்றம் நடத்தும் முறை

ஊர்க்காரர்கள் தாமாகக் கூடிப் பேசும் பொதுமன்றத்தில் எடுக்கும் முடிவுக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. கிராம சபைத் தீர்மானத்துக்குத்தான் அது உண்டு. ஆகவே பொதுமன்றத்தைக் கிராம சபைக்கு ஒத்திகையாக வைத்துக்கொள்ள வேண்டும். கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்பு பொதுமன்றம் கூடினால் போதும். மாதாமாதம் கூட்டினால் மூன்றாவது மாதம் நாற்காலிதான் மிஞ்சும்.

இராமநாதபுரம் கடற்கரையில் நாள் குறிப்பதுதான் முதல் சிக்கல். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி போகும். நாட்டுப்படகுகள் மற்ற நாட்களில். எந்தக் கிழமை வைத்தாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞாயிறு மாலை ஓரளவு ஒத்துவரும்: சனிக்கிழமை போன படகு திரும்பியிருக்கும், திருப்பலி முடிந்திருக்கும், அடுத்த தொழில் மறுநாள்தான். நாட்டுப்படகுக்காரர்களிடம் கரையில் போய்க் கேட்டு நேரத்தை முன்னே பின்னே நகர்த்துங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின் வையுங்கள். மாலைத் தொழுகையான மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே நேரம் போதாது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் வரவேண்டுமானால், அவர்கள் கடலில் இருக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். ஆண்டில் மிகச் சிறந்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு முழுக்கக் கரையில் கிடக்கும், மே 1 கிராம சபையும் அதற்குள் வருகிறது. நவம்பர் 1 கிராம சபைக்கு முந்தைய கூட்டத்தைத் திறந்தவெளியில் வைக்காதீர்கள். வாடைக்காற்றில் மைக்கும் நிற்காது, மழையும் சும்மா விடாது.

இடம் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. கோயில் மண்டபம், ஜமாஅத் கூடம், பங்கு மன்றம், சங்க அலுவலகம் எதில் வைத்தாலும் பாதி ஊர் வாசலிலேயே நின்றுவிடும். புயல் காப்பகம், பள்ளி வளாகம் (தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியோடு), மாலையில் காலியாகக் கிடக்கும் மீன் ஏலக்கூடம் ஆகியவை நல்லவை. ஏலக்கூடத்தில் மீன் வாடை அடிக்கும்தான். ஆனால் அங்கே வர யாரும் யோசிப்பதில்லை.

கட்சி சார்பற்றது என்றால் கட்சிக்காரர் வரக் கூடாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படித் தடுத்தால் ஒரே வாரத்தில் 'அது எதிர்க்கட்சிக் கூட்டம்' என்ற பேச்சு கிளம்பிவிடும். எல்லாக் கட்சிக்காரரும் வரட்டும், பேசட்டும், நாற்காலியில் மற்றவர்களோடு உட்காரட்டும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது; ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் தேர்தலில் உண்டு. யார் எந்தக் கட்சி என்பது ஊருக்குத் தெரியாததா? ஒளித்துப் பயனில்லை. ஆனால் கூட்டத்தை நடத்தும் ஏழு பேரில் கட்சிப் பொறுப்பில் இருப்பவரோ, ஊராட்சி வேலை எடுக்கும் ஒப்பந்ததாரரோ இருக்கக் கூடாது. ஏழில் மூன்று பேராவது பெண்கள். ஒரே தெரு, ஒரே சங்கம், ஒரே சொந்தம் என்று இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

மேடை போடாதீர்கள். நாற்காலிகளை லாட வடிவில் போட்டு, வாய்ப்பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு கரும்பலகையும் வையுங்கள். பொன்னாடை, மாலை, குத்துவிளக்கு, 'முன்னிலை வகிப்பவர்' எதுவும் வேண்டாம். பொன்னாடை ஒருவருக்குப் போர்த்தினால் அடுத்த கூட்டத்தில் நான்கு பேருக்குப் போர்த்த வேண்டிவரும், அதிலேயே அரைமணி நேரம் போகும். பேனரில் ஊர், நாள், நேரம், பொருள் மட்டும், முகம் கூடாது. பந்தல், மைக், தேநீர்ச் செலவைத் தலைக்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்காமல் பலரிடம் பிரித்து, வரவு செலவைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஒருவர் 'மைக்செட் நம்ம பொறுப்பு' என்று முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். அறிவிப்பை ரேஷன் கடை, டீக்கடை, ஐஸ் கம்பெனி, ஏலக்கூடம் நான்கிலும் ஒட்டுங்கள். எந்த வழிபாட்டுத் தல மைக்கிலும் சொல்ல வேண்டாம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள், தொண்ணூறு நிமிடம். பொருளைத் தேர்ந்ததும் அது யார் கையில் இருக்கிறது என்று பிரித்தெடுப்பதுதான் உண்மையான வேலை. பெரும்பாலான கூட்டங்கள் வீணாவது சண்டையால் அல்ல, தவறான அலுவலகத்தைத் திட்டுவதால்.

குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர்த் தொட்டிவரை தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து தெருக்குழாய் வரை ஊராட்சி. தொட்டிக்கே தண்ணீர் ஏறவில்லை என்றால் ஊராட்சிச் செயலரிடம் கத்திப் பயனில்லை. தொட்டி நிரம்பியும் கடைசித் தெருவுக்கு வரவில்லை என்றால் வாரியத்துக்கு மனு போட்டுப் பயனில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கூட்டத்துக்கு முந்தைய ஏழு நாள், தெருவுக்கு இரண்டு வீடு வீதம் ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள்: தண்ணீர் வந்த நாள், வந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம். தொட்டி நிரம்பும் நேரத்தையும் ஒருவர் குறிக்கட்டும். ஜல் ஜீவன் திட்டக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் ஏறத்தாழ 18 குடம். தாளில் 6 குடம் என்று இருந்தால் பேச வேண்டியதெல்லாம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

இதேபோல் தெருவிளக்கு ஊராட்சி, சாய்ந்த மின்கம்பம் மின்வாரியம். இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை. அதில் பள்ளம் விழுந்தால் ஊராட்சியால் ஒன்றும் செய்ய முடியாது. படகுத் தளம் மீன்வளத் துறை. இறால் பண்ணைக் கழிவுநீர் வயலுக்குள் வந்தால் மாவட்ட ஆட்சியர். மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளிலும் இராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகளிலும் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கவுன்சிலர் வழியாகப் பகுதி சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் (2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது) மனு, தனி அலுவலராக இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு.

முதல் பதினைந்து நிமிடம் குறித்த தாள்களை வாசியுங்கள், கருத்து சொல்லாமல். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் பார்ப்பவர் கையில் விசில் இருக்கட்டும், ஊர்ப்பெரியவருக்கும் அதே விசில். முதல் ஐந்து பேர் பெண்களாக இருந்தால் கூட்டத்தின் தொனியே மாறிவிடும். கடைசியில் 'பெண்கள் யாராவது?' என்று கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கச்சத்தீவு, இலங்கைக் கடற்படை, இரட்டைமடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் தடைசெய்யப்பட்ட வலை) ஆகிய மூன்றில் ஒன்று எப்படியும் எழும். வலியுள்ள விஷயங்கள், தடுத்தால் கோபம் வரும். கரும்பலகையின் ஓரத்தில் 'பிறகு' என்று எழுதி அதன்கீழ் அதைக் குறித்து, எந்தக் கூட்டத்துக்குப் போகும் என்றும் எழுதுங்கள்: மீனவர் குறைதீர்க் கூட்டமா, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளா. எழுதிவிட்டால் பேசியவர் உட்கார்ந்துவிடுவார்.

'குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டும்' என்பது தீர்மானமே அல்ல. எந்தத் தெரு, என்ன குறை, எந்த அலுவலகம், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். அதை நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, கிராம சபையில் பொருளாகச் சேர்க்கும்படி முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அன்றைக்கு ஆளும் திரள வேண்டும்: மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இல்லாமல் கிராம சபை செல்லாது.

கிராம சபையில் நிறைவேறிய தீர்மானத்தின் நகலும் நடவடிக்கையும் தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இன்ன தேதித் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்' என்று கேளுங்கள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வேட்பாளர் எல்லோரையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்கலாம், தேர்தல் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் அனுமதி பெற்ற பிறகு. கேள்விகள் ஐந்து, எல்லோருக்கும் ஒன்றே, மூன்று நாள் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேசும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்குங்கள். கைதட்டலும் கோஷமும் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். வராதவருக்குக் காலி நாற்காலி போட்டுப் படம் எடுக்க வேண்டாம்; பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்தவரிடம் மைக்கைக் கொடுத்துவிடுங்கள்.