சிறிய டிஜிட்டல் கேமராவில் முதல் படங்கள்

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, மெமரி கார்டைக் கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்து, அதாவது அதில் உள்ள எல்லாவற்றையும் அழித்துத் தயாராக்கிக்கொண்டு, விடியற்காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் புறப்படுங்கள். தொடக்கத்தில், கேமராவே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ முறையே போதும்.

ஷட்டர் பொத்தானை ஒரேயடியாக அழுத்தாமல், பாதி அழுத்தி நிறுத்தி, திரையில் பச்சைக் கட்டம் தோன்றி ஃபோகஸ் உறுதியான பின்னரே முழுதும் அழுத்த வேண்டும். அங்கே சூரியன் கடல்பக்கம் எழுவதால், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் கறுத்துவிடும். அப்போது, பகல்தானே என்று எண்ணாமல், ஃபிளாஷை எரியவிட்டு, இரண்டு மீட்டருக்குள் நின்று எடுத்தால் முகம் தெளியும். காந்தி சிலையை நெருக்கமாகக் காட்ட, லென்ஸே நகர்ந்து காட்சியைப் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் உதவும். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் என்பதால், அதை அணைத்து வைப்பதே நல்லது. திரும்பியதும், லென்ஸில் ஒட்டிய மணலை ஊதும் பம்பால் நீக்கிய பிறகே உப்புப் படிவை மென்துணியால் துடையுங்கள்.