லீவில் ஊருக்குப் போய் ஒப்பரேசன் செய்விப்போர் கவனத்துக்கு

பெற்றோரின் சத்திரசிகிச்சையைத் தமது விடுமுறைக்குள் முடித்துவிட்டுத் திரும்ப எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். நுளம்புத் திரி பற்றியும் சிம் அட்டை பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றுவது என்று யாழ்ப்பாணத்தில் முடிவானபோது நான் லண்டனில் டிக்கெட் மட்டும்தான் போட்டிருந்தேன். "தம்பி, நீங்கள் நிற்கேக்கையே முடிச்சுப்போட்டுப் போங்கோ, பிறகு தனிய என்னால அலைய ஏலாது" என்றார் அண்ணி. அம்மாவுக்குக் குளிக்க வார்ப்பவர் அவர். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நான் போய் இறங்குவதற்குள் தனியார் மருத்துவமனையில் முற்பணம் கட்டி, நாளும் குறித்தாயிற்று. சத்திரசிகிச்சை நிபுணரை அதற்கு முன் ஒரேயொரு தடவைதான் சனல் பண்ணியிருந்தார்கள் (காசு கட்டித் தனியாராகப் பார்ப்பதை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்), அதுவும் எக்ஸ்ரே காட்டுவதற்கு.

முந்தைய நாள் மாலை மயக்க மருந்து நிபுணர் வந்து, அம்மா என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். அண்ணி ஒரு கடைப் பையைக் கட்டிலில் கொட்டினார். "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதிய சிறு கடதாசி உறைகளும், கத்தரிக்கோலால் வெட்டியதில் பெயர் இருந்த பக்கம் போய்விட்ட குளிசை அட்டைகளும் விழுந்தன. கிளினிக் கொப்பியை வீட்டிலிருந்து எடுப்பித்துப் பார்த்தால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அம்மா இரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் குளிசையை எடுத்து வருகிறார். பெரிய அறுவைக்கு 5 முதல் 7 நாட்களுக்கு முன் அதைப் பொதுவாக நிறுத்துவார்கள். ஆனால் இதய நிபுணரைக் கேளாமல் நிறுத்தினால் ஸ்டென்டே அடைபடலாம். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அவசரமற்ற அறுவை என்றால் 8.5க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது பிரித்தானிய வழிகாட்டல். சர்க்கரை கூடினால் கிருமி பிடிக்கும் ஆபத்தும் கூடும், செயற்கை மூட்டில் கிருமி பிடித்தால் அதைக் கழற்றவும் நேரலாம். மயக்க மருந்து நிபுணர் ஒப்பரேசனை நிறுத்தினார். அந்த வளாகத்தில் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகு தொடங்கியது முற்பணப் படலம். பற்றுச்சீட்டு அண்ணாவின் பெயரில், அண்ணாவோ கட்டாரில். காசாளர் நிபுணரின் கடிதம் கேட்டார். நிபுணரின் உதவியாளர் அது அலுவலகம் தரவேண்டியது என்றார். அலுவலகம் அண்ணாவின் கையொப்பம் கேட்டது. கையொப்பமிட்ட படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்துக் காட்டினால், மூலப் பிரதி வேண்டுமாம். வராந்தாவில் மின்விசிறி சுற்றாத பக்கமாகப் பார்த்துத்தான் எனக்கு எப்போதும் கதிரை கிடைத்தது. இறுதியில் "பதிவுக் கட்டணம்" என்றொன்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். இதற்கிடையில், வெளிநாட்டுக்காரன் வந்து காரியத்தைக் குழப்பிவிட்டான் என்று பெரியம்மா வீடுவரை கதை போயிருந்தது.

ஆகவே, டிக்கெட்டுக்கு முன்னரே மருத்துவரைப் பார்க்க வையுங்கள், அதுவும் சில மாதங்களுக்கு முன். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ஏற்கெனவே உள்ள நோயைப் பார்க்கும் மருத்துவர் என மூவரும் தனித்தனியே பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலை வேலை முடிந்து மாலையில் சனலுக்கு வரும் நிபுணருக்கு உங்களோடு இருக்கச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், மருந்துப் பெயர்களையும் கேள்விகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். முதல் கேள்வி, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதாக இருக்கட்டும். வலி தராத பித்தப்பைக் கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். முழங்காலுக்கும் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில் உண்டு. சந்தேகமிருந்தால் வேறொரு மருத்துவமனையில் இன்னொருவரையும் கேளுங்கள். முதலாமவர் கோபிப்பார் என்று உறவினர் பயப்படுவார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உங்களுக்கே செய்விப்பதானால் பயணக் காப்புறுதி பொதுவாக இதற்குப் பணம் தராது. முழங்கால், இடுப்பு மாற்றிய பின் 3 மாதம் வரை நீண்ட விமானப் பயணம் ஆகாது என்பார்கள். காலில் இரத்தம் கட்டும் ஆபத்து உண்டு.

கடைசியாக, வீடு திரும்பிய பின் பல வாரங்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கவும் கழிவறைக்குத் தாங்கிச் செல்லவும் யார் இருப்பார்கள் என்பதை மருத்துவரைச் சந்திக்கும்போதே பேசுங்கள். அந்தப் பெயர் உங்கள் அண்ணியின் பெயராகத்தான் இருக்கப்போகிறது என்றால், சம்பளத்துக்கு ஒருவரை ஒழுங்கு செய்யும் பணத்தை முற்பணத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.